தோல் வாஷர் வைத்த அம்புத் தாங்கி

1

இந்த ஊரில் நாங்கள் வந்து இறங்கிய நாளைக் கவிதா வருடா வருடம் கொண்டாடுவாள். கல்யாண நாளை நான் மறந்தால்கூட மன்னித்துவிடுவாள். இந்த நாளை மறந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. இந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சேமியா பாயசம் செய்தாள். ஆனால் கிண்ணங்களை வைக்க மேசையில் இடமில்லை. மேசையின் குறுக்கே ஒரு வில் கிடந்தது.

வில் என்றதும் கோயில் தூணில் செதுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்து, குறுக்கும் நெடுக்கும் நாண் ஓடுகிற இந்தக் காலத்து வில். கைப்பிடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும். அதற்குள் கயிறு சுருண்டிருக்கும். கயிற்றின் மறுமுனை அம்பில் கட்டியிருக்கும். இதை வைத்து என் மகள் பவித்ரா மீன் பிடிக்கிறாள். படகில் நின்றபடி தண்ணீரில் தெரியும் மீனை அம்பால் அடித்து, கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். ஆம்பூரில் என் தங்கைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, பொம்பளைப் பிள்ளைக்கு வலை வாங்கித் தரக்கூட வக்கில்லையா என்று கேட்டாள்.

அந்த வில்லில் உள்ள ஒரு சின்னப் பாகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அம்புத் தாங்கி என்று சொல்லலாம். நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது அம்பு கீழே விழாமல் தாங்குவது அதுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். அது எங்கள் வீட்டில் செய்த வேலையை இந்த ஊருக்கு வந்த பிறகு நான் வாங்கிய வேறு எந்தப் பொருளும் செய்யவில்லை.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூர்க்காரன். ஏற்றுமதி செய்கிற ஷூ கம்பெனி ஒன்றில் கடைசி மேசையில் வேலை பார்த்தவன். அந்த மேசைக்கு வரும் ஷூக்களை வலதும் இடதுமாகச் சேர்த்துப் பிடித்து, குதிகாலோடு குதிகால், முனையோடு முனை வைத்துப் பார்த்து, ஜோடி சரியாக இருந்தால்தான் பெட்டியில் போடவேண்டும். ஜோடி மாறிய பெட்டி ஒன்று கடல் தாண்டிப் போய்விட்டால் அதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் தொழிலில் இல்லை. ஒருமுறை அப்படி நடந்தபோது சூபர்வைசர் பாய், "இன்னாடா, வெள்ளைக்காரனுக்கு ரெண்டும் லெஃப்ட்டு காலா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவிவிட்டது.

கவிதா நெமிலிப் பக்கம். விவசாயக் குடும்பம். ஏரியில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பவித்ரா பால்வாடி வயதில் எங்களோடு இங்கே வந்தாள். இல்லினாய் மாநிலத்தில் ஆற்றங்கரை ஊர் இது. வேலைக்காரர்கள் போடும் கனமான பூட்ஸ் செய்கிற கம்பெனியில் எனக்கு இடம் கிடைத்தது. இங்கேயும் தரம் பார்க்கிற வேலைதான்.

பவித்ராவுக்குத் தமிழ் எங்கள் இருவரிடமிருந்து மட்டும்தான் வந்தது. அதனால் அவள் பேசியது சுத்தமான வேலூர்த் தமிழ். பக்கத்து நகரத்தில் ஞாயிறுதோறும் நடக்கிற தமிழ் வகுப்பில் சேர்த்தோம். அங்கே அவள் "இன்னா" என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும் மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். டீச்சரும் "என்ன" என்று திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் தமிழைக் கம்மி செய்துகொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் எங்கள் வீட்டில் பேச்சே கம்மியாகிவிட்டது. கதவு சாத்தியிருக்கும். கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான். பிள்ளைகள் வளர்கிறார்கள், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வலித்தது.

3

அப்படி இருந்தவள் போன ஜூன் மாதத்தில் ஒரு காலை நான் இட்லி தின்றுகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, என்னோட வில்லுல ரெஸ்ட்டு ஒடஞ்சி போச்சி. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கி மாட்டித் தர்றியா? ஃபேக்டரில நீ இந்த மாதிரிதானே எல்லாம் பாப்ப?"

ரெஸ்ட்டு என்றால் அந்த அம்புத் தாங்கிதான். சனிக்கிழமை ஆற்றில் போட்டியாம். அவளுடைய தோழி ஹேனாவின் அப்பா டேல் படகு ஓட்டுவாராம். வில் இத்தனை நாளும் டேல் வீட்டுக் கொட்டகையில்தான் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொண்டுவருவதாகச் சொன்னாள். இடமிருந்தால் நானும் படகில் வரலாம் என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டாள். இவள் வில் எடுத்தது எப்போது, மீன் அடிக்கக் கற்றது எங்கே என்று எனக்குள் ஆயிரம் கேள்வி. வாயைத் திறக்குமுன் கவிதா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

பவித்ரா போனதும் கவிதா சொன்னாள்: "வாயத் தொறந்து கேட்டிருக்கா. வாங்கிக் குடுங்க. கேள்வி கேட்டு கெடுத்துடாதீங்க."

எனக்கும் அது புரிந்தது. ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள். அதற்குள் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இது. இதைச் சொதப்பினால் இன்னொரு முறை கேட்கமாட்டாள்.

4

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க அம்புத் தாங்கிகள் தொங்கின. நமக்குத் தெரியாத தொழிலில் சாமான் வாங்குவது போன்ற பேஜார் வேறில்லை. ஆனாலும் தரம் பார்க்கிறவன் புத்தி எங்கே போகும்? ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

முதல் வகையில் ஒரு வளையம், அதைச் சுற்றி உள்ளே பிரஷ் மயிர். அம்பு நடுவில் நுழைந்து அசையாமல் நிற்கும். பார்க்க அழகு. ஆனால் மீன் அம்பு ஒவ்வொரு முறையும் சேறும் செதிலும் வழவழப்புமாகத் திரும்பி வரும். அந்த மயிரைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும். இரண்டாவது வகையில் அம்பு பறக்கும்போது தாங்கி தானாக மடங்கிக்கொள்ளும். அதில் வில்லிலிருந்து ஒரு சன்னக் கயிறு ஓடுகிறது. அம்பின் கயிறும் இதுவும் எப்போதாவது சிக்கினால் போகிற அம்பு திரும்பி நம் முகத்துக்கே வரும் என்று கடைக்காரர் கையால் நடித்துக் காட்டினார். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது வகையில் இரண்டு சின்ன உருளைகள் சாய்ந்து நின்றன, நடுவில் பள்ளம். அம்பு அதில் உட்காரும். மேலே விரல் போன்ற ஒரு கம்பி மடங்கி அம்பைப் பிடித்துக்கொள்ளும். மீன் அம்பு கனமானது, இறகு கிடையாது. அதற்கு இந்த உருளை போதும். தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், துடைத்தால் சுத்தம். பார்த்ததுமே இதுதான் என்று தெரிந்தது. உருளைகளைச் சுண்டிச் சுண்டிப் பார்த்து, ஆட்டமில்லாத ஒன்றைப் பொறுக்கினேன். கடைக்காரர் வலதா இடதா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வலது என்றேன்.

அங்கேயே மீன் பிடிக்கிற உரிமமும் எடுத்தேன். போட்டிப் படகில் ஏறுகிற எல்லோரிடமும் அது இருக்கவேண்டுமாம். இங்கே என் பெயர் விவகாரம் ஒரு தனிக் கதை. இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னதில் என் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. எல்லா ஆபீசிலும் என்னை மிஸ்டர் முனுசாமி என்றுதான் கூப்பிடுவார்கள். உரிமத்திலும் அதுதான் பெரிதாக வந்தது. அரக்கோணத்தைத் தாண்டாத என் அப்பாவுக்கு அமெரிக்க ஆற்றில் மீன் பிடிக்க அனுமதி கிடைத்துவிட்டது. அவர் மீன் சாப்பிடவே மாட்டார்.

5

வெள்ளிக்கிழமை சாயந்தரம். ஜூன் மாதத்தில் இங்கே எட்டு மணிக்கும் வெயில் இருக்கும். பவித்ரா வில்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் போல்ட்டு முடுக்குகிற ஆலன் கீ, மூலைமட்டம், துணி எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். பெரிய டாக்டர் ஆபரேஷனுக்கு நிற்பதுபோல நிற்கிறேன் என்று கவிதா கேலி செய்தாள்.

வில்லின் கைப்பிடிக்கு மேலே பக்கவாட்டில் மரை வெட்டிய துளை ஒன்று இருக்கும். அதில்தான் தாங்கியைப் போல்ட்டு வைத்து முடுக்கவேண்டும். வைத்துப் பார்த்தேன். உருளை வில்லுக்கு வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பி வைத்தேன். இப்போது உருளை தலைகீழாகத் தரையைப் பார்த்தது. வில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன்.

பவித்ரா வில்லை எடுத்தாள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்து இடது கையை நாணில் வைத்தாள்.

"ப்பா, நான் லெஃப்ட்டு."

"சோறு ரைட்டுலதானே சாப்பிடற?"

"சோறு மட்டும்தான்பா ரைட்டு. அம்மா திட்டும்னு. மத்ததெல்லாம் லெஃப்ட்டுதான்."

வலது கைக்காரர் இடது கையில் வில்லைப் பிடிப்பார், அம்பு வில்லின் இடப்பக்கம் உட்காரும். இடது கைக்காரருக்கு எல்லாமே மாறி இருக்கும். தாங்கியும் அப்படித்தான், ஷூ மாதிரி, வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்று. நான் என் மகளைச் சாப்பிடும் தட்டுக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன். அவள் எழுதுவது கம்ப்யூட்டரில், வில் பிடித்தது டேல் வீட்டில். பதினேழு வயதுப் பெண்ணின் கை எது என்று அப்பனுக்குத் தெரியவில்லை. ஆம்பூரில் ஜோடி மாறாமல் பெட்டி கட்டினவன் நான்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லப்பா. நாளைக்கு நான் போகல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மூடிவிட்டார்கள். ஹேனா வலது கைக்காரி, அவளுடையதும் உதவாது.

கவிதா தாங்கியையும் வில்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னாங்க, வெள்ளைக்காரனுக்கு ரெண்டும் லெஃப்ட்டு காலா?" என்றாள்.

அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு அதில்தான் பொறி தட்டியது. இடது காலுக்குத் தனியாகப் பேட்டர்ன் எவன் வரைவான்? வலது கால் அட்டையைப் புரட்டிப் போட்டால் இடது வந்துவிடும். தாங்கியின் கையும் ஒரு தட்டையான அலுமினியப் பட்டைதான். உருளைகளைக் கழற்றினேன், பட்டையைப் புரட்டிப் போட்டேன், உருளைகளை மறுபக்கத்திலிருந்து செருகினேன். வலது இடதாகிவிட்டது. ஒரே ஒரு குறை. போல்ட்டுத் தலை பதிந்து உட்காரும் பள்ளம் பட்டையின் ஒரு பக்கத்தில்தான் இருந்தது. புரட்டியதும் அது உள்பக்கம் போய்விட்டது. முடுக்கினால் அந்தப் பள்ளத்தில் பிடிப்பில்லாமல் பட்டை ஆடியது. இரும்பு வாஷர் ஒன்று போட்டால் பத்தவில்லை, இரண்டு போட்டால் மரை எட்டவில்லை.

என் பெட்டியில் ஒரு துண்டு அடித்தோல் இருந்தது. வாணியம்பாடியில் பதனிட்டு, எங்கள் பூட்ஸ் கம்பெனிக்குச் சாம்பிளாக வந்தது. அதில் வட்டத் துளை போடும் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நடுவில் சின்ன உளியால் இன்னொரு தட்டு. அழகாக ஒரு வாஷர் விழுந்தது. அதைப் பள்ளத்தில் வைத்துப் போல்ட்டை முடுக்கினேன். பட்டை அசையாமல் நின்றது. தண்ணீரில் நனைந்தால் தோல் உப்பும், உப்பினால் பிடி இன்னும் இறுகும். தோல்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சுத்தியல் சத்தம் கேட்டுப் பவித்ரா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் நின்றாள். மீதியை இரண்டு பேருமாகச் செய்தோம். அம்பைத் தாங்கியில் வைத்து, நாணுக்கும் அம்புக்கும் நடுவே மூலைமட்டம் வைத்து, செங்குத்தாக வரும்வரை தாங்கியை ஏற்றி இறக்கினோம். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால் நாணும் அம்பும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். ரொம்ப நேரம் கோடு தள்ளித் தள்ளிப் போனது. ஒரு மயிரிழை வலது என்பாள், நான் நகர்த்துவேன், ஜாஸ்தி ஆயிடிச்சி என்பாள். கடைசியாகக் கயிறு தாங்கியைச் சுற்றாமல் முன்பக்கமாகவே ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

தோட்டத்து மண்மேட்டில் ஒரு காலி பால் டப்பாவை வைத்து அடித்தாள். அம்பு டப்பாவின் நடுவில் போய் நின்றது. கவிதா அடுப்படி ஜன்னலிலிருந்து கை தட்டினாள்.

6

மறுநாள் காலை படகில் எனக்கு ஒதுக்கிய இடம் ஐஸ் பெட்டியின் மேல். டேல் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். நான் பேசுவது அவருக்கும் அவ்வளவுதான் புரியும். அதனால் நல்ல தோஸ்த் ஆகிவிட்டோம். கரையோரப் புல்லில் மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. எல்லாம் கெண்டை. நம் ஊர் ஏரிகளில் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிற அதே ஜாதி. இங்கே ஆற்றைக் கெடுக்க வந்த மீன் என்று சொல்லி, எவ்வளவு அடித்தாலும் நல்லது என்கிறார்கள். பிடித்ததை உரத்துக்கு அனுப்புகிறார்களாம். கவிதா இதைக் கேட்டால் அழுதுவிடுவாள்.

பவித்ரா முன் தட்டில் ஏறி நின்றாள். நாணை இடது கையால் இழுத்தாள். அம்பு போனது. மீன் அப்படியே நழுவிப் போய்விட்டது.

நான் தாங்கியைத்தான் பார்த்தேன். வாஷர் விட்டுவிட்டதோ என்று பாதி எழுந்துவிட்டேன். அவள் கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ஒக்காருப்பா. ரெஸ்ட்டு நேராதான் இருக்கு. நான் மேல அடிச்சிட்டேன்."

தண்ணீருக்குள் மீன் இருக்கிற இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று. தெரிவதற்குக் கீழே குறி வைத்தால்தான் மீனில் படும் என்று எனக்கு விளக்கினாள். முழுக்கத் தமிழில். "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு அடுத்த அம்பை வைத்தாள். இந்த முறை தண்ணீர் வெடித்தது. கயிறு பாட்டிலிலிருந்து விர்ரென்று ஓடியது. இழுக்க முடியாமல், "ப்பா, இன்னா பாத்துக்கினு இருக்க, வந்து பிடி" என்று கத்தினாள். ஆற்றில் இருந்த எல்லாப் படகுகளுக்கும் எங்கள் வேலூர்த் தமிழ் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் ஈரக் கயிற்றோடு மல்லுக்கட்டி, தொடை கனத்துக்கு ஒரு கெண்டையைப் படகில் போட்டோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிஸ்டர் முனுசாமி நல்லா இழுக்கிறார் என்று டேல் சொன்னார்.

வில்லைக் கையில் வாங்கிப் பார்த்த டேல், இப்படி ஒரு தாங்கியை எங்கே வாங்கினாய் என்று அவளிடம் கேட்டார். என் அப்பா செய்தது என்றாள். நான் செய்யவில்லை, புரட்டித்தான் போட்டேன். ஆனால் அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

போட்டியில் எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. உரத்துக்குப் போகவிருந்த கெண்டையில் பெரியதாக இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கவிதா புளி கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். டேல் முள்ளெடுக்கத் தெரியாமல் திண்டாடினார். மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

7

அந்த வாரமே இடது கைக்கான தாங்கி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள். ஆகஸ்டில் கல்லூரிக்குப் போனாள். காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் போன பிள்ளைகள் வருவது தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

இவள் வருகிறாள். சனிக்கிழமை டேல் படகில் ஆற்றுக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை வில்லோடு வீட்டுக்கு வருகிறாள். காரணம் அந்த வாஷர்தான். நனைந்து உப்பின தோல் காய்ந்ததும் சுருங்கும். சுருங்கினால் பட்டை ஆடும். நான் ஆலன் கீ எடுத்து இறுக்கி, மூலைமட்டம் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து தரவேண்டும். அதற்குள் கவிதா அவளுக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஊர்க் கதை எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள்.

இதற்கு நிரந்தர வைத்தியம் உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாஷரைப் போட்டு, போல்ட்டு மரையில் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டால் போதும். அப்புறம் ஆட்டமே இருக்காது. எங்கள் தொழிற்சாலை மெஷின்களுக்கெல்லாம் நான் போடுவது அதுதான். வீட்டுக்கும் இரண்டையும் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் போடவில்லை. சாமான் இழுப்பறையில் பழைய டேப் சுருளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். கவிதாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாயச ஞாயிறன்று நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பவித்ரா ஆலன் கீ எடுக்க அவளே இழுப்பறையைத் திறந்தாள். இழுப்பறை மூடும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு கையில் பசைக் குழாய், இன்னொரு கையில் வாஷர் பாக்கெட். குழாயில் பொடி எழுத்தில் இருந்ததை முழுக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வில்லைப் பார்த்தேன்.

அவள் இரண்டையும் டேப் சுருளுக்குப் பின்னால், நான் வைத்ததைவிட இன்னும் உள்ளே தள்ளினாள். இழுப்பறையை இடுப்பால் மூடிவிட்டு வந்து ஆலன் கீயை என் கையில் கொடுத்தாள்.

"ஜாஸ்தி டைட் பண்ணாதப்பா," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வரணும் இல்ல."